மிளகாய் விலை 2022

சாயல்குடி
24-1-2025

அண்ணனுக்கு,

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று நீ சிரிக்கலாம். உன் எண்ணை நான் பிளாக் செய்து வைத்திருப்பது மட்டும் காரணமில்லை. வீட்டில் நின்று உன்னோடு ஃபோனில் சண்டை போட்டால், சேது முற்றத்தில் இருந்தபடியே என் உதட்டைப் படித்துவிடுவாள். வாட்சப்பில் எழுதலாம் என்றால், அவளுக்குத் தனி ஃபோன் இருந்தும் என் ஃபோன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. காது கேட்காத தங்கைக்குத் தெரியாமல் சண்டை போட இந்த வீட்டில் வேறு வழியில்லை. நீயும் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு அனுப்பு.

பொங்கலுக்கு வந்தாய். நான்கு நாள் இருந்தாய். அதில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓசூருக்குப் போகும்போது நீ விட்டுவிட்டுப் போன அதே கம்ப்யூட்டர். அதில் நீ சேர்த்து வைத்திருந்த ஜப்பான் அனிமேக்களை டிவியில் இணைத்துக் கொடுத்ததோடு உன் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு அதை வைத்து இங்கே என்ன நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா?

"என்ன கோகிலா, எல்லா எபிசோடையும் ஒரே ஃபோல்டர்ல குமிச்சு வச்சிருக்க? களத்துல மொளகாயக் கொட்டி வச்ச மாதிரி" என்றாய். சேது உன் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். உனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டாய். இப்போது டிவியைப் போட்டால் ஒவ்வொரு தொடரும் சீசன் 1, சீசன் 2 என்று படத்தோடு வரிசையாக நிற்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

அந்த லட்சணத்தின் விளைவைக் கேள். ஐந்து வருஷமாக வேலை முடிந்து வந்து, ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து ஒவ்வொரு எபிசோடுக்கும் நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வாயசைவுக்கும் வரிக்கும் நொடி பிசகாமல் பொருத்தியிருக்கிறேன். சேது தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்த வரிகளில்தான். பள்ளிக்கூடத்தில் இல்லை. 'மிதவை நகரம்' அவளுக்கு உயிர். அக்காவும் தங்கையும் சேர்ந்து படகுத்துறை நடத்தும் கதை. அதில் பதின்மூன்றாவதாக வரும் திருவிழா எபிசோடை நீ பிடுங்கி 'சீசன் 0' என்று தனியாக வைத்துவிட்டாய். அதனுடைய தமிழ் வரி அடுத்த எபிசோடின் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் ஒன்று ஒன்றாகத் தள்ளிப் போய்விட்டது.

நேற்று பார்த்த எபிசோடில் அந்த அக்கா தங்கையின் அப்பாவைப் பிணமாகக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கீழே, "இன்னும் ரெண்டு மீன் வறுத்துக் குடு" என்று ஓடுகிறது. சேது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

எப்படிப் பழையபடி மாற்றுவது என்று மட்டும் எழுது. இனி இங்கே வந்தால் எதையும் தொடாதே.

கோகிலா


ஓசூர்
1-2-2025

கோகிலா,

பத்து நிமிஷ வேலைக்கு இரண்டு பக்கம் திட்டு. இரண்டாவது சீசனில் உன் தமிழ் ஃபைல்களின் எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பெயர் மாற்று. முதலாவதைத் தூக்கித் திருவிழா எபிசோடோடு வை. முடிந்தது. மற்ற தொடர்களில் சிக்கல் இருக்காது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இந்த ஒன்றில் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நான் பிணத்துக்கு மீன் வறுத்தவன் ஆகிவிட மாட்டேன்.

நான் அடுக்கியது உனக்கு ஏன் எரிகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தொடர் இரண்டு வருஷம் இடைவெளி விட்டு வந்தால் அதற்குப் பெயர் அடுத்த சீசன். ஆட்களுக்கு வயது கூடியிருக்கும், கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். உனக்கு எல்லாமே ஒரே குவியலாக உன் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 'மிதவை நகரம்' மூன்றாவது சீசன், பதினொரு எபிசோடும், நம் அய்யாவின் மிளகாய்க் கணக்கு ஃபோல்டர்களுக்கு நடுவில் 'மிளகாய் விலை 2022' என்ற ஃபோல்டருக்குள் கிடந்தது. வீடியோக்களைத் தேடும்போது அகப்பட்டது. எடுத்து அதன் இடத்தில் வைத்திருக்கிறேன். அது எப்படி அங்கே போனது? அதற்கு நீ தமிழ் எழுதவும் இல்லையே. சேதுவுக்கு அவ்வளவு பிடித்த கதை என்கிறாய், பிறகு ஏன் பாதியில் நிறுத்தினாய்?

இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காது கேட்காத பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள். ஹாஸ்டல் உண்டு. பொங்கலன்று சேதுவிடம் விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறேன். சொல்லியிருப்பாள்.

மாரீஸ்வரன்


சாயல்குடி
6-2-2025

அண்ணனுக்கு,

சொல்லவில்லை. அவள் துணி அலமாரியில் நான்காக மடித்து வைத்திருந்ததை நானாகத்தான் பார்த்தேன்.

இப்போது விளங்குகிறது. நீ அனிமே அடுக்க வரவில்லை. ஆள் பிடிக்க வந்தாய்.

அம்மா செத்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுநாள் காலை பஸ் ஏறினாய். சேதுவுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா எங்கே போனாள் என்று கைகளால் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பதில் சொல்ல உனக்குக் கைமொழி தெரியாது. இன்றைக்கும் தெரியாது. பொங்கலன்றுகூட அவளோடு பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டாய், "ஏ, இவ என்ன கேக்குறா?" என்று. இரண்டு வார்த்தை அவளோடு நேராகப் பேசத் தெரியாதவன் அவளுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறாய். ஓசூரில் அவளுக்கு ஜுரம் வந்தால் எங்கே வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?

என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்தையும் நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி உன் மனைவி ஜோதிகா அண்ணி ஊரெல்லாம், "கோகிலாவுக்குக் கலெக்டர்தான் வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ அடுக்கியதையெல்லாம் கலைத்துப் பழையபடி வைத்துவிட்டேன். மூன்றாவது சீசன் என்று ஒன்று கிடையாது. அது வேறு கதை. அழித்துவிட்டேன். நேற்று சேது அதைப் பற்றிக் கேட்டாள். அண்ணன் வேறு ஏதோ தொடரைத் தப்பாகக் கலந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல்.

கோகிலா


ஓசூர்
13-2-2025

கோகிலா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அவள் மெசேஜ் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, மிதவை நகரம் சீசன் 3 நிஜமா இருக்கா? அக்கா இல்லைங்குது. டிவில இருந்துச்சு. இப்ப இல்லை."

நான் நிஜம் என்று பதில் போட்டேன். உனக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

போட்டுவிட்டு அது என்னதான் கதை என்று தேடிப் பார்த்தேன். மூன்று வரிதான் இருந்தது. தங்கை நட்சுமி அக்காவின் படகுத்துறையை விட்டுப் புறப்பட்டு, கண்ணாடி செய்யும் ஊருக்குத் தனியாகப் போகிறாள். மூன்றாவது சீசன் முழுக்க அவள் வெளியூர் வாழ்க்கை. அது 'மிளகாய் விலை'க்குள் போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கோகிலா, ஊர் முழுக்க உன்னைத் தூக்கி வைத்துப் பேசுகிறது. தங்கைக்குத் தமிழ் கொடுத்தவள், கல்யாணம் கட்டிக்காமல் காத்தவள். நானும் நம்பினேன். ஓசூரில் உட்கார்ந்து குற்ற உணர்ச்சியில் செத்தேன். நீயோ அவள் எந்தக் கதையை எதுவரைக்கும் பார்க்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தாய். ஒரு ஃபோல்டரையே ஒளித்தவள் அந்த வரிகளுக்குள் எதையெல்லாம் ஒளித்திருப்பாய்?

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அவள் நிரப்பி அனுப்புவாள் என்று காத்திருந்தால் உன் அலமாரிச் சோதனையில் போய்விடும். நானே நிரப்பி, அவள் பெயரில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். 24-ஆம் தேதி நேர்காணல். நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன், 22-ஆம் தேதி வாரேன் என்று அவளுக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டேன். நீ வாசலில் குறுக்கே நின்றாலும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

மாரீஸ்வரன்


சாயல்குடி
20-2-2025

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு சேது வீட்டை விட்டுப் போய்விட்டாள். பச்சைப் பையும் நாலு சுடிதாரும் அவளுடைய ஃபோனும் இல்லை. கம்ப்யூட்டர் மேசையில் ஒரு தாள் இருந்தது: "நல்லா இருப்பேன். தேட வேண்டாம்." தினமும் காலையில் அய்யாவுக்கு மட்டும் "சாப்பிட்டேன்" என்று ஒரு மெசேஜ் வருகிறது. எனக்கு எதுவும் இல்லை.

அய்யா உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இங்கன வரலைய்யா" என்றாயாம். நான் நம்பவில்லை. அவளைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறாய்.

அய்யா மூன்று நாளாக மிளகாய்க் காட்டுக்குப் போகவில்லை. பழம் செடியிலேயே வாடுகிறது. நேற்று என்னைப் பார்த்து, "ஒருத்தி ஒளிச்சு வச்ச, ஒருத்தன் இழுத்துக்கிட்டுப் போகப் பாத்த. ரெண்டு பேருஞ் சேந்துதான் புள்ளைய வெரட்டிட்டீக" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. நீயாகத்தான் இருக்கும்.

கேட்டாயே, வரிகளுக்குள் எதையெல்லாம் ஒளித்தேன் என்று. சொல்கிறேன், வைத்துக்கொள். இரண்டாவது சீசனில் நட்சுமி அக்கரையைப் பார்த்து, "அங்கே என்ன இருக்கிறதோ, போய்ப் பார்க்க வேண்டும்" என்கிறாள். நான், "அங்கே ஒன்றுமில்லை" என்று எழுதினேன். அவள், "இந்தத் துறை எனக்குச் சின்னதாகிவிட்டது" என்கிற இடத்தில், "இந்தத் துறை போதும் எனக்கு" என்று எழுதினேன். இப்படி இருபது, முப்பது இடம் இருக்கும். முதலில் பயத்தில் ஒன்று. பிறகு பழகிவிட்டது. 2022-இல் மூன்றாவது சீசனை இறக்கித் திறந்தேன். மூன்றாவது எபிசோடில் அவள் பெட்டியோடு படகில் ஏறுகிறாள். எந்த வரியை மாற்றினாலும் அந்தப் படகை மாற்ற முடியாது. அதனால் ஒளித்தேன்.

அவள் கதவுக்கு வெளியே யாராவது வந்து நின்று கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. ரோட்டில் பின்னால் லாரி வந்தால் கேட்காது. எட்டு வருஷமாக அவளுடைய காது நான்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியவனுக்கு இது புரியாது.

அவளை அனுப்பி வை. இல்லையென்றால் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுது. அவ்வளவு போதும்.

கோகிலா


ஓசூர்
26-2-2025

கோகிலா,

இங்கே இல்லை. சத்தியம் செய்தாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் செய்யவில்லை.

அய்யாவிடம் சொன்னது நான்தான். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

22-ஆம் தேதி நான் ஊருக்கு வராததற்குக் காரணம் இதுதான். 18-ஆம் தேதி சேது எனக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: "என் பேர்ல நீ ஏன் கையெழுத்துப் போட்ட?" "உன் நல்லதுக்குத்தான்" என்று டைப் அடித்தேன், அழித்தேன். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. 24-ஆம் தேதி அந்தக் கம்பெனி வாசலில் போய், அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தாள். ஜெராக்ஸ் கடை ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் செய்கிறாள். பின்னால் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். 'மண்டபம்' என்று இருக்கிறது. ராமநாதபுரத்தில் அவளோடு படித்த மாஷிதா என்ற பெண் மண்டபம்தானே? அவளும் காது கேட்காதவள். கூப்பிட்டு விசாரிக்க எனக்கு வழியில்லை.

எனக்கு லீவு கேட்டால் கிடைக்கும். ஆனால் நான் அங்கே போய் நின்று அவளிடம் என்ன பேச? அவள் சைகை எனக்குப் புரியாது, எழுதிக் காட்டித்தான் பேச வேண்டும். இருபத்து மூன்று வயதுத் தங்கையோடு நான் எழுதிக் காட்டித்தான் பேச முடியும் என்பதை நீ முன்பே ஒரு கடிதத்தில் குத்திக் காட்டினாய். அது தைத்தது. தைக்கட்டும் என்றுதானே எழுதினாய்.

நீ போ. உனக்காகச் சொல்லவில்லை. உன்மேல் இருக்கும் கோபம் ஒரு துளி குறையவில்லை. அவள் மெசேஜில் சேதி இருக்கிறது, குரல் இல்லை. கையைப் பார்த்தால்தான் அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியும். அது உனக்குத்தான் தெரியும்.

மாரீஸ்வரன்


சாயல்குடி
10-3-2025

அண்ணனுக்கு,

சனிக்கிழமை மண்டபம் போனேன். ஃபோட்டோவில் இருந்த கடை துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. சதக் என்பவருடைய கடை. ஜெராக்ஸ், பிரின்ட், மனு எழுதுவது எல்லாம். நான் எதிர்ப்பக்கம் புளியமர நிழலில் நின்றுகொண்டேன்.

தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு அம்மா சேதுவின் முன்னால் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். படகு லைசன்ஸ் சம்பந்தமான மனு என்று பிறகு தெரிந்தது. சேது அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து டைப் செய்தாள். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். அந்த அம்மா திரும்பச் சொன்னார். வெளியாள் உதட்டை அவள் படிக்கமாட்டாள், வீட்டு ஆட்களுடையதை மட்டும்தான் படிப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

உள்ளே போனேன். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. ஒரு விரலைக் காட்டி இருக்கச் சொன்னாள். மனுவை முடித்து, பிரின்ட் எடுத்து, பிழை பார்த்து, அந்த அம்மாவிடம் கொடுத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

பின்தெருவில் இருக்கும் மாஷிதா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். மாஷிதாவின் உம்மா நஃபீசா என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "புள்ள நல்லா இருக்குமா. எம் மகளுக்குத் தொணையாச்சு" என்றார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்கு வா என்றேன். வரமாட்டேன் என்றாள். அண்ணனோடு ஓசூர் போகப் போகிறாயா என்று கேட்டேன். அண்ணன் கூப்பிட்ட இடத்துக்கும் போகமாட்டேன் என்றாள். பிறகு நான் மூன்றாவது சீசனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒளித்தது, அழித்தது, வரிகளை மாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல்லை இரண்டு தரம் காட்ட வேண்டியிருந்தது.

அவள் பாதியிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே வைத்துவிட்டாள். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். அய்யா மொளகா வெலை பாக்கச் சொன்னாரு, ஃபோல்டரத் திறந்தேன். நீ வேலைக்குப் போனப்புறம் பதினொண்ணையும் பாத்தேன். இங்கிலீஷ் வரி பாதி புரியல. அப்புறம் ரிமோட்ல மாத்தி மாத்திப் பழைய எபிசோடெல்லாம் பாத்தேன். ஒரு தடவை உன் தமிழ், ஒரு தடவை இங்கிலீஷ். எங்கெல்லாம் நீ பொய் எழுதியிருக்கன்னு டிக்சனரி வச்சுக் கண்டுபுடிச்சேன். உன் பொய்ய வச்சுத்தான்க்கா நான் இங்கிலீஷ் படிச்சேன்."

ஏன் அப்போதே என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"நீயாக் குடுப்பேன்னு இருந்தேன்."

மாஷிதா வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு சேதுவே சொன்னாள். "அண்ணன் அடுக்கி வச்சதும் டிவில மூணு சீசனும் வந்துச்சு. அக்கா இப்பவாவது சொல்லும்னு நெனச்சேன். நீ என் மூஞ்சியப் பாத்து, அது வேற கதைன்னு சொன்ன. அண்ணனாவது உண்மையச் சொல்லுமான்னு கேட்டுப் பாத்தேன். மொதத் தடவ பயந்து மறைச்ச. சரி. இது அப்படி இல்ல." அன்றைக்கு மறுநாளே மாஷிதாவுக்கு மெசேஜ் போட்டாளாம். உன்னுடைய கள்ளக் கையெழுத்துச் செய்தி வந்ததும் பையைக் கட்டினாளாம். ஆகவே பழியில் பாதி உனக்கும் உண்டு. முழுவதையும் என் தலையில் கட்டலாம் என்று நினைக்காதே.

திரும்பி வந்த பஸ்ஸில் ராமநாதபுரம் வரை நிற்க இடம்தான் கிடைத்தது. கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவளுடைய காது நான்தான் என்று உனக்கு எழுதியிருந்தேன். கடையில் அந்த ஒற்றை விரலைக் காட்டி அவள் என்னை நிறுத்தி வைத்தாளே, அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு நான் வரிசையில் நிற்கும் இன்னொரு ஆள். கேவலமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இதை உன்னிடம் போய் எழுதுகிறேனே என்று எரிச்சலாகவும் இருக்கிறது. எழுத வேறு ஆள் இல்லை.

நேற்று அய்யாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ கையில காசு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சம்பளம் தருகிறார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு மிளகாய்க் காட்டுக்குப் போனார்.

உன் தங்கை இளைக்கவில்லை. கை நன்றாக ஓடுகிறது. முன்னைவிட வேகமாகப் பேசுகிறாள், மாஷிதாவோடு பேசிப் பேசி. சில சைகை எனக்கே புரியவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை மறுபடி வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஏப்ரல் 12 இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. நான் மண்டபம் போவேன். நீ போவதானால் வேறு நாள் பார்த்துக்கொள். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் உன்னைப் பார்த்தால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. உன்னைத்தான் திருப்பி அனுப்புவேன்.

கோகிலா